பேசாத பயணிக்கு ஒரு வண்டி



நீங்கள் சைக்கிள் வாங்கப் போனால் என்ன செய்வீர்கள்? ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பீர்கள். பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பீர்கள். இருக்கை உயரமாக இருந்தால் தாழ்த்தித் தரும்படி கடைக்காரரிடம் கேட்பீர்கள்.

ஆனால் கைக்குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிச் செல்லும் வண்டியை வாங்கும்போது, அதில் பயணம் செய்யப் போகிறவரை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவரால் பதில் சொல்ல முடியாது. வார் இறுக்குகிறது, காற்று வரவில்லை, வண்டி பின்னால் சாய்கிறது என்று எதையும் சொல்லத் தெரியாத பயணி அவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அழுகை ஒன்றுதான். ஆகவே அவருக்காக யோசிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

பிராம், ஸ்ட்ரோலர் என்ற பெயர்களில் இவ்வண்டிகள் இன்று நம் ஊர்க் கடைகளிலும் விற்கப்படுகின்றன. உங்கள் அக்காவுக்கோ அண்ணிக்கோ குழந்தை பிறந்து, வீட்டில் வண்டி வாங்கும் பேச்சு எழலாம். அப்போது 'நிறம் அழகாக இருக்கிறது', 'விலை மலிவு' என்பதோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள நெம்புகோல், ஈர்ப்பு மையம், சாய்தளம் ஆகியவற்றைக் கொண்டே நல்ல வண்டி எது என்று நீங்கள் ஆராய்ந்து சொல்லலாம். எப்படி என்று பார்ப்போமா?

ஆடு இழுத்த வண்டி

குழந்தை வண்டியின் வரலாறு இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1733-ஆம் ஆண்டு வில்லியம் கென்ட் என்னும் கட்டடக்கலைஞர், டெவன்ஷயர் கோமகனின் குழந்தைகளுக்காக ஒரு சிறு வண்டியை வடிவமைத்தார். அதை ஆடோ சிறிய மட்டக்குதிரையோ இழுக்கும். அது பிரபுக்களின் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. பின்னால் கைப்பிடி வைத்து மனிதரே தள்ளும் வண்டிகள் அடுத்த நூற்றாண்டில் பரவின.

1889-இல் அமெரிக்காவில் வில்லியம் ரிச்சர்ட்சன் என்பவர், இருக்கையைத் திருப்பி வைக்கக்கூடிய வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். குழந்தை தெருவைப் பார்த்தும் போகலாம். திருப்பி வைத்தால் தாயின் முகத்தைப் பார்த்தும் போகலாம். இந்த வசதி எவ்வளவு முக்கியமானது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இருந்தாலும் அக்கால வண்டிகள் எல்லாம் கனமானவை. பேருந்தில் ஏற்ற முடியாது; மாடிக்குத் தூக்க முடியாது. இந்தக் குறையைத் தீர்த்தவர் ஒரு விமானப் பொறியாளர்!

விமானத்திலிருந்து வீதிக்கு

ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயர் விமானப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றியவர். விமானத்தின் சக்கரங்கள் தரையில் இறங்கும்போது முழு எடையையும் தாங்க வேண்டும். பறக்கும்போது மடங்கி உள்ளே ஒளிந்துகொள்ள வேண்டும். அதே சமயம் எடை குறைவாகவும் இருக்க வேண்டும். பேரக்குழந்தையின் வண்டியைத் தூக்கிக்கொண்டு தம் மகள் படும் பாட்டைக் கண்ட மெக்லாரன், இதே தத்துவத்தைக் குழந்தை வண்டிக்கும் பயன்படுத்தினார்.

1965-இல் அவர் உருவாக்கிய வண்டி அலுமினியக் குழாய்களால் ஆனது. குடையைப் போல ஒரு கட்டாக மடங்கியது. எடை ஏறக்குறைய 2.7 கிலோகிராம்தான்!

இது எப்படிச் சாத்தியமாயிற்று? எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.8 கிராம். அலுமினியத்தின் அடர்த்தி 2.7 கிராம், அதாவது மூன்றில் ஒரு பங்குதான். மேலும், ஒரு தண்டை வளைக்கும்போது அதன் வெளிப்புறப் பகுதியே பெரும் சுமையைத் தாங்குகிறது. நடுப்பகுதிக்கு அதிக வேலை இல்லை. ஆகவே நடுவில் உள்ள உலோகத்தை நீக்கிக் குழாயாக்கினால் எடை வெகுவாகக் குறையும். வலிமை அவ்வளவாகக் குறையாது. மூங்கிலும் நெல் தாளும் குழாய்களாக இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

எடை குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்த நன்மையோடு ஓர் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. அதை அடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

கைப்பிடியில் பை தொங்கினால்...

காய்கறி வாங்கிய பையைக் குழந்தை வண்டியின் கைப்பிடியில் மாட்டுவது பலரின் வழக்கம். கைப்பிடியோ பின்சக்கரத்துக்கும் பின்னால் நீண்டிருக்கிறது. ஆகவே வண்டி முழுவதும் ஒரு நெம்புகோலாகிவிடுகிறது. பின்சக்கர அச்சே அதன் தாங்குபுள்ளி. குழந்தையும் வண்டியும் முன்பக்கம் அழுத்துகின்றன. பை பின்பக்கம் அழுத்துகிறது. எந்தப் பக்கத்தின் திருப்புத்திறன் அதிகமோ அந்தப் பக்கம் வெல்லும். எடையை அச்சிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். அதன் எடை 4 கிலோ. ஈர்ப்பு மையம் பின்அச்சுக்கு முன்னால் 25 செ.மீ. தொலைவில் இருக்கிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் எடை அச்சுக்கு முன்னால் 15 செ.மீ. தொலைவில் செயல்படுகிறது. கைப்பிடி அச்சுக்குப் பின்னால் 25 செ.மீ. நீண்டிருக்கிறது. அதில் 8 கிலோ பை தொங்குகிறது.

முன்பக்கம்: (4 × 25) + (10 × 15) = 250
பின்பக்கம்: 8 × 25 = 200

முன்பக்கம் அதிகம். வண்டி விழாது. நாமும் தைரியமாக நடக்கிறோம். குழந்தை தூங்கிவிடுகிறது. 'பாவம், கழுத்து வலிக்குமே' என்று இருக்கையைப் பின்னால் சாய்த்துப் படுக்க வைக்கிறோம். இப்போது குழந்தையின் எடை அச்சுக்கு 5 செ.மீ. முன்னால்தான் செயல்படுகிறது.

முன்பக்கம்: (4 × 25) + (10 × 5) = 150
பின்பக்கம்: 200

கையை விட்டதும் வண்டி குழந்தையோடு பின்புறம் சாய்ந்துவிடும்! பையைக் கூடுதலாக ஒரு கிராம்கூட ஏற்றவில்லை. அன்பினால் இருக்கையைச் சாய்த்தோம், அவ்வளவுதான்.

அதே பையை இருக்கைக்குக் கீழே உள்ள கூடையில் வைத்திருந்தால்? அது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இருக்கும். அதன் எடையும் முன்பக்கமே சேரும். ஈர்ப்பு மையமும் தாழும். சுமையே பாதுகாப்பாக மாறிவிடும். ஆகவே வண்டி வாங்கும்போது கீழே நல்ல கூடை இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடியில் பை மாட்டும் கொக்கிகளைக் கண்டு மகிழாதீர்கள்.

செய்து பாருங்கள்: 30 செ.மீ. அளவுகோல் ஒன்றை மேசை விளிம்பில் வையுங்கள். 20 செ.மீ. மேசை மேலும் 10 செ.மீ. வெளியிலும் இருக்கட்டும். மேசை விளிம்புதான் பின்அச்சு. விளிம்பிலிருந்து 10 செ.மீ. உள்ளே நான்கு நாணயங்களை அடுக்குங்கள். இதுதான் குழந்தை. வெளிமுனையில் ஒவ்வொரு நாணயமாக வையுங்கள். அதுதான் பை. அளவுகோல் விழப்போகும் நிலைக்குச் சற்று முன்னால் நிறுத்திவிட்டு, 'குழந்தை'யை விளிம்பை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். என்ன நடக்கிறது?

பெரிய சக்கரமா, சிறிய சக்கரமா?

நம் தெருக்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கல், குழி, நடைபாதை விளிம்பு, வாசற்படி எல்லாம் உண்டு. 3 செ.மீ. உயரமுள்ள ஒரு தடையில் சக்கரம் மோதி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஏற்ற எவ்வளவு விசை தேவை?

முதலில் 15 செ.மீ. ஆரமுள்ள பெரிய சக்கரம். அதன் மையம் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, தடையின் விளிம்பிலிருந்து 12 செ.மீ. உயரம். மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள தூரம் ஆரமாகிய 15 செ.மீ. பிதாகரஸ் தேற்றத்தின்படி கிடைத்தளத் தூரம் 9 செ.மீ. இப்போது விளிம்பைத் தாங்குபுள்ளியாகக் கொண்டால், சக்கரத்தின் மேல் உள்ள எடை 9 செ.மீ. தூரத்திலும் நாம் தள்ளும் விசை 12 செ.மீ. தூரத்திலும் செயல்படுகின்றன. ஆகவே தேவையான விசை, எடையில் 9/12 பங்கு. அதாவது முக்கால் பங்கு.

இனி 7 செ.மீ. ஆரமுள்ள சிறிய சக்கரத்துக்கு இதே கணக்கைப் போடுங்கள். உயரம் 4 செ.மீ., கிடைத்தளத் தூரம் ஏறக்குறைய 5.7 செ.மீ. தேவையான விசை எடையைப்போல் 1.4 மடங்கு! ஏறத்தாழ இரு மடங்கு வேறுபாடு. தடையின் உயரம் சக்கரத்தின் ஆரத்துக்குச் சமமாகிவிட்டால், எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் சக்கரம் ஏறாது. வேகமாகத் தள்ளிக்கொண்டு போகும்போது அப்படி ஒரு தடையில் மோதினால் முன்சக்கரம் நிற்கும். வண்டியும் குழந்தையும் நிலைமத்தால் முன்னோக்கிச் செல்ல முயலும்.

ஆகவே வழவழப்பான தரையுள்ள கட்டடங்களுக்கும் விமான நிலையத்துக்கும் சிறிய சக்கரம் போதும். கரடுமுரடான தெருவுக்குப் பெரிய சக்கரமே ஏற்றது. தடை வந்தால் பலங்கொண்ட மட்டும் தள்ளாமல், கைப்பிடியைக் கீழே அழுத்தி முன்சக்கரங்களைத் தூக்கி வைக்க வேண்டும். இங்கும் நெம்புகோலே உதவுகிறது.

மூன்று கால் சிறுதேர்

மூன்று சக்கரமுள்ள சிறுவண்டி தமிழர்களுக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், குழந்தைகள் உருட்டி விளையாடும் மூன்று சக்கரச் சிறுதேர் குறிப்பிடப்படுகிறது. நம் வீடுகளில் குழந்தை பிடித்து நடை பழகும் மர நடைவண்டியும் மூன்று சக்கரம் கொண்டதே.

மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அமையும். ஆகவே மேடுபள்ளத்தில் மூன்று சக்கரங்களும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். நான்கு கால் நாற்காலியைப் போல ஆடாது. ஆனால் தரையில் அது அடைத்துக்கொள்ளும் பரப்பு ஒரு முக்கோணம். வேகமாகத் திருப்பினால், ஈர்ப்பு மையத்தின் செங்குத்துக் கோடு முக்கோணத்தின் பக்கத்தைத் தாண்டுவது எளிது. எனவே மூன்று சக்கர வண்டி என்றால் பின்சக்கரங்கள் நன்கு அகன்றும் இருக்கை தாழ்ந்தும் இருக்க வேண்டும்.

சரிவும் பிரேக்கும்

2009-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆஷ்பர்டன் ரயில் நிலையத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஒரு தாய் தம் ஆறு மாதக் குழந்தையை வண்டியில் வைத்து நடைமேடையில் நின்றிருந்தார். ஒரு கணம் கையை எடுத்தார். வண்டி தானாக உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. அந்த நேரத்தில் ரயிலும் வந்துவிட்டது. வண்டியை ரயில் மோதித் தள்ளிக்கொண்டு போயிற்று. குழந்தை சிறு காயத்தோடு உயிர் தப்பியது! அது வாரால் வண்டியோடு கட்டப்பட்டிருந்ததே உயிரைக் காத்தது என்று அப்போது கருதப்பட்டது.

வண்டி ஏன் உருண்டது? மழைநீர் வடிவதற்காக நடைமேடைகளைச் சற்றே சரிவாக அமைப்பது உண்டு. கண்ணுக்கு அது சமதளம் போலவே தோன்றும். ஆனால் சக்கரத்துக்கு அந்தச் சரிவு தெரியும்.

20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் ஒரு சரிவை எடுத்துக்கொள்வோம். உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், வண்டியின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 20-இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.49 மீ/வி². முதல் 2 வினாடியில் வண்டி ஏறக்குறைய 1 மீட்டர்தான் நகரும், எட்டிப் பிடித்துவிடலாம். 5 வினாடியில் 6 மீட்டர் போய்விடும். வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2.5 மீட்டர். இப்போது ஓடினால்தான் பிடிக்க முடியும். தூரம் நேரத்தின் இருபடிக்கேற்ப வளர்வதால், தாமதிக்கும் ஒவ்வொரு வினாடியும் முந்தைய வினாடியைவிட ஆபத்தானது.

எனவே இரண்டு பழக்கங்கள் தேவை. நின்றவுடன், கையை எடுப்பதற்கு முன்பே, பிரேக்கைப் போட வேண்டும். வண்டியைச் சரிவின் குறுக்காக நிறுத்த வேண்டும். கைப்பிடியில் கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் வார் இருந்தால் இன்னும் நல்லது.

மடிப்புக்குள் ஒரு கத்தரிக்கோல்

மடங்கும் வண்டியில் கீல்கள் உண்டு. மடக்கும்போதும் விரிக்கும்போதும் கீல் அருகே இரண்டு குழாய்கள் கத்தரிக்கோலின் அலகுகளைப் போல நெருங்குகின்றன. கீலிலிருந்து 40 செ.மீ. தொலைவில் நாம் 5 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கொடுக்கிறோம் என்று கொள்வோம். கீலிலிருந்து 1 செ.மீ. தொலைவில் அது 200 கிலோ எடைக்குச் சமமாகிவிடும். பாக்குவெட்டியின் தத்துவமும் இதுதான். அந்த இடத்தில் குழந்தையின் பிஞ்சு விரல் இருந்தால்?

2009 நவம்பரில் அமெரிக்காவில் மெக்லாரன் நிறுவனத்தின் வண்டிகள் சுமார் 10 லட்சம் இக்காரணத்தால் திரும்ப அழைக்கப்பட்டன. 12 குழந்தைகள் விரல் நுனியை இழந்ததாகத் தகவல்கள் வந்திருந்தன. கீல்களை மறைக்கும் உறைகளை நிறுவனம் இலவசமாக வழங்கியது. சிறிய உறை ஒன்று போதும் என்பதைக் கவனியுங்கள். ஆகவே கீல்களுக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்தே வண்டி வாங்க வேண்டும். மடக்கும்போதும் விரிக்கும்போதும் குழந்தை வண்டியருகில் இருக்கவே கூடாது.

படுக்கையா, இருக்கையா?

பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கோ எட்டில் ஒரு பங்குதான். இவ்வளவு பெரிய தலையைத் தாங்கக் குழந்தையின் கழுத்துத் தசைகளுக்கு வலு போதாது. நிமிர்ந்த இருக்கையில் வைத்தால் தலை முன்னால் தொங்கும். மூச்சுக் குழாய் மடங்கிச் சுவாசம் தடைப்படலாம். எனவே தானாக உட்காரப் பழகும் வரை, அதாவது ஏறக்குறைய ஆறு மாதம் வரை, தட்டையாகப் படுக்க வைக்கும் வண்டியே தேவை. குடைபோல் மடங்கும் எளிய வண்டிகள் பல இதற்கு ஏற்றவை அல்ல.

உட்காரும் குழந்தைக்கு ஐந்து முனை வார் வேண்டும். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு இடையே ஒன்று. ஐந்தாவது வார் எதற்கு என்று கேட்கிறீர்களா? அது இல்லாவிட்டால் குழந்தை கீழ்நோக்கி வழுக்கும். உடல் நுழைந்துவிடும் இடைவெளியில் தலை நுழையாது, கழுத்து சிக்கிக்கொள்ளும்.

குழந்தை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? 2008-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் சுசான் சீடிக் ஓர் ஆய்வை வெளியிட்டார். தெருக்களில் 2,722 குழந்தைகளும் அவர்களுடன் சென்ற பெரியவர்களும் கவனிக்கப்பட்டார்கள். குழந்தை தங்களை நோக்கி இருந்தபோது, பெரியவர்கள் அதனோடு பேசுவது ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது! குழந்தை மொழி கற்பது பேச்சைக் கேட்டுத்தானே? ரிச்சர்ட்சனின் 1889 யோசனை எவ்வளவு நல்லது என்று இப்போது விளங்குகிறதல்லவா?

துணியால் மூடலாமா?

வெயில் படக்கூடாது என்று வண்டியின் மேல் துண்டையோ துணியையோ போர்த்துவார்கள். இது சரியா? 2023-இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெயிலில் வண்டிகளை வைத்துச் சோதித்தார்கள். உலர்ந்த மெல்லிய துணியால் மூடிய வண்டிக்குள் வெப்பநிலை, மூடாத வண்டியைவிட ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸ் அதிகமாயிற்று. துணி வெயிலைத் தடுத்தது உண்மை. ஆனால் காற்றோட்டத்தையும் தடுத்துவிட்டது.

அதே துணியை நனைத்துப் போட்டு, சிறு மின்விசிறியையும் வைத்தபோது, வெப்பநிலை ஏறக்குறைய 5 டிகிரி குறைந்தது. நீர் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். ஆனால் ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊர்களில் நீர் எளிதில் ஆவியாவதில்லை. அங்கே இந்தப் பயன் குறையும். எப்படியானாலும் பக்கங்கள் திறந்திருக்கும் விரிந்த கூரையுள்ள வண்டியே நல்லது. நண்பகல் வெயிலில் வெளியே போகாமல் இருப்பது அதைவிட நல்லது.

வாகனப் புகையையும் மறக்கக் கூடாது. வண்டியில் உள்ள குழந்தையின் மூக்கு தரையிலிருந்து ஏறக்குறைய 55 முதல் 85 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. வாகனங்களின் புகைக்குழாய்க்கு அது மிக அருகில். பெரியவர்களைவிட 60 சதவீதம் வரை அதிக மாசை இக்குழந்தைகள் எதிர்கொள்ளக்கூடும் என்று 2018-இல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். உயரமான இருக்கை இதற்கு நல்லது. ஆனால் உயர்ந்தால் ஈர்ப்பு மையமும் உயருமே! அதனால் சக்கரங்களும் அகல வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைச் சரிசெய்ய வேண்டும். பொறியியல் என்பதே இதுதான். நெரிசலான சாலையை விட்டு உள்தெரு வழியாகச் செல்வது செலவில்லாத வழி.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

1. குழந்தையின் எடைக்குச் சமமான அரிசிப் பையை இருக்கையில் கட்டி வைத்துத் தள்ளிப் பாருங்கள். ஒரு கையால் தள்ளினாலும் நேராகப் போகிறதா?

2. கடை வாசல் சரிவில் பிரேக்கைப் போட்டுப் பாருங்கள். பின்சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொள்கின்றனவா?

3. இருக்கையை முழுவதும் சாய்த்துக் கைப்பிடியை லேசாக அழுத்துங்கள். எளிதில் பின்னால் சாய்ந்தால் அந்த வண்டி வேண்டாம்.

4. விரித்தபின் தாழ்ப்பாள் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறதா? ஒரு பூட்டு தவறினாலும் தாங்க இன்னொரு பூட்டு இருக்கிறதா?

5. கீல்களுக்கு மூடி உண்டா? வார் ஐந்து முனை கொண்டதா?

6. மடக்கிய வண்டியை ஒரு கையால் தூக்கி நாலைந்து படி ஏறிப் பாருங்கள். மறு கையில் குழந்தை இருக்குமல்லவா?

7. தள்ளப்போகும் பெரியவர்கள் குனியாமல் நடக்கக் கைப்பிடி உயரமாக இருக்கிறதா? பாட்டிக்கும் அப்பாவுக்கும் உயரம் வேறுவேறு.

இத்தனையும் பார்த்து வாங்கினாலும், எல்லா இடத்துக்கும் வண்டி உதவாது. நகரும் படிக்கட்டில் அதை ஏற்றவே கூடாது. நெரிசலிலும் செங்குத்தான படிகளிலும், குழந்தையை மார்போடு அணைத்துத் தூக்கிச் செல்லும் பழைய வழக்கமே சிறந்தது.

மாணவர்களே, மேலே உள்ள கணக்குகளில் எடையையும் தூரத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். 9 கிலோ எடையுள்ள கனமான வண்டியாக இருந்தால், இருக்கையைச் சாய்த்தபின்னும் அந்த 8 கிலோ பையைத் தாங்குமா? விடையைக் கண்டுபிடித்து, வண்டி தள்ளும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.